நிழலைத் துரத்திய ராணி ஏட்டு

சென்னைப் போலீஸில் சூரியனையே கேடி லிஸ்டில் வைத்திருந்த ஒரே மனிதர் எங்கள் ராணி ஏட்டுதான். மற்ற போலீஸ்காரர்களெல்லாம் பிக்பாக்கெட்டையும் கள்ளச்சாராயத்தையும் தேடிக்கொண்டிருந்தபோது, இவர் மட்டும் வெயில் எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது, எந்த ஜன்னல் வழியாக நுழையப் பார்க்கிறது என்று பகல் முழுக்க உளவு பார்த்துக்கொண்டிருந்தார்.

அவருடைய சொந்தப் பெயர் எங்கள் தெருவில் யாருக்கும் தெரியாது. ராணி என்பது அவர் மனைவி பெயரில்லை. போலீஸ் நாயின் பெயர். கறுப்பும் பழுப்புமான அல்சேஷன். காதை நிமிர்த்திக்கொண்டு அது நடந்து வந்தால் பெரிய அதிகாரிகளே ஓரமாக ஒதுங்கி வழி விடுவார்கள். அதன் கயிற்றைப் பிடித்துக்கொண்டு பின்னால் வருகிறவர் என்பதால் இவர் ராணி ஏட்டு. அவர் மனைவியை 'ராணி ஏட்டு சம்சாரம்' என்போம். அந்த அம்மாளுக்கு அதில் வருத்தம் இருந்திருக்கலாம். ஆனால் அந்தப் போட்டியில் ஜெயிக்க முடியாது என்று கல்யாணமான கொஞ்ச நாளிலேயே புரிந்துபோயிருக்கும்.

எழுபதுகளின் ஆரம்பம் அது. மயிலாப்பூரில் குளத்துக்குப் பக்கத்துச் சந்து ஒன்றில் நான் குடியிருந்தேன். தியாகராய நகரில், பனகல் பார்க் பக்கம், ஒரு ஜவுளிக் கடையில் பில் போடுகிற வேலை. ஏட்டு வீடு எங்கள் எதிர் வீடு. ராணி தங்குவது போலீஸ் நாய்க் கொட்டடியில்தான் என்றாலும், மதியம் ஏட்டு வேனை ஓட்டிக்கொண்டு அதோடு சாப்பிட வருவார். கடை லீவு நாட்களில் எனக்கு அதைப் பார்ப்பதுதான் பொழுதுபோக்கு. சாப்பிட வருவார் என்றதும் வீட்டுக்குள் வருவார் என்று நினைத்துவிடாதீர்கள். சோறுதான் வேனுக்கு வரும்.

சந்து முனையில் ஒரு தூங்குமூஞ்சி மரம். அதன் நிழலில் வேனை நிறுத்துவார். ஜன்னல் கண்ணாடிகளை எல்லாம் இறக்கி, பின்கதவை விரியத் திறந்து, கூரைமேல் ஈரச் சாக்கைப் போடுவார். ராணிக்கு ஒரு அலுமினியத் தட்டில் தண்ணீர். அதில் விரலை விட்டுப் பார்ப்பார். லேசாகச் சூடு தட்டினாலும் கொட்டிவிட்டு வேறு பிடித்து வருவார். நிழல் நகர்ந்தால் வேன் நகரும். வேன் நகர்ந்தால் ரசச் சொம்பைத் தூக்கிக்கொண்டு அந்த அம்மாளும் நகருவாள். பருப்பு ஒரு இடம், ரசம் ஒரு இடம், மோர் இன்னொரு இடம் என்று அந்த மனிதர் சந்து நெடுகச் சாப்பிட்டதை நான் கண்ணாரப் பார்த்திருக்கிறேன்.

"உள்ள வந்து குந்தித் துன்னா இன்னாய்யா? அது எங்க ஓடிடப் போவுது?" என்பாள் அந்த அம்மாள்.

"நான் உள்ள பூந்தேன்னா இந்த வெயிலு வண்டிக்குள்ள பூந்துடும். அதுக்குன்னே காத்துக்கினு கீது."

ஒருநாள் அந்த மரத்தடியில் வக்கீல் மாமா தன் காரை நிறுத்தியிருந்தார். எங்கள் சந்தில் கார் வைத்திருந்தவர் அவர் ஒருவர்தான். ஏட்டு போய்க் கதவைத் தட்டினார்.

"சாமி, வண்டிய கொஞ்சம் வெயிலாண்ட எடுத்துக்கங்க. ராணி வந்துகீது."

"என்ன ஓய், நன்னா இருக்கே! நாய்க்காக நான் காரை வெயில்ல நிறுத்தணுமா? ஆத்துல கேட்டா சிரிப்பா."

"உங்க காருக்கு மூச்சு வாங்குதா சாமி? நாக்கு தொங்குதா?"

ஹைகோர்ட்டில் நாள் முழுக்கப் பேசுகிற மனிதர், இந்தக் கேஸில் மட்டும் தோற்று, சாவியை எடுத்துக்கொண்டு வந்தார். ஆனால் முணுமுணுத்துக்கொண்டேதான் வந்தார். "அது கவர்மெண்ட் நாய். அதுக்கு ஏதாவது ஆனா கவர்மெண்ட் பாத்துக்கும். உமக்கென்ன?"

"கயித்த என் கையில குட்த்த அன்னிக்கே அத்தோட மூச்சும் என் கையில வந்துட்ச்சு சாமி. கவர்மெண்டு எங்க வந்து விசிறப் போவுது?"

எனக்கு அந்த மனிதரைப் பார்த்தால் மலைப்பாக இருக்கும். ஒரு ஜீவனைத் தன் பொறுப்பு என்று ஒருவர் இவ்வளவு முரட்டுத்தனமாக எடுத்துக்கொண்டு நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

அவருக்கு ஒரே ஒரு கர்வம் உண்டு. வண்டிக்குள் ஏற்றி "கொயட்" என்று சொல்லிவிட்டால், அவராக "ஸ்பீக்" என்று சொல்லும்வரை ராணி வாயைத் திறக்காது. திருடனைப் பிடிக்கப் போகிற வண்டியில் நாய் குரைத்துக் காட்டிக்கொடுக்கக் கூடாதல்லவா? அப்படிப் பழக்கியிருந்தார். "யார் வேணா வந்து உசுப்பிப் பாருங்க" என்று தெருவுக்கே சவால் விடுவார். வக்கீல் மாமா குடைக்காம்பால் வேனைத் தட்டிப் பார்த்தார். நான் பிஸ்கட்டை ஆட்டிப் பார்த்தேன். கீரைக்காரி தன் கூடையை அதன் மூக்குக்கு நேராகவே நீட்டினாள். ராணி எங்களை ஒரு ஜட்ஜ் பார்க்கிற மாதிரி பார்த்துவிட்டு உட்கார்ந்திருந்தது. கடைசியில் ஏட்டு "ஸ்பீக்" என்றார் பாருங்கள், அது போட்ட போட்டில் கீரைக்கட்டு ஒரு பக்கம், கீரைக்காரி ஒரு பக்கம்!

அந்தக் கர்வம்தான் வினையாக முடிந்தது.

கத்திரி வெயில் கொளுத்திய ஒரு நாள், எங்கள் ஜவுளிக் கடைக் கிடங்கில் பட்டுப்புடவை மூட்டை ஒன்று காணாமல் போயிருந்தது. கடை முதலாளி அண்ணாச்சி திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார். போலீஸில் வேன் ரிப்பேர் என்று, அதிகாரி ஒருவர் தனக்குக் கொடுத்திருந்த கவர்மெண்ட் அம்பாசிடரிலேயே ஏட்டையும் ராணியையும் ஏற்றிக்கொண்டு வந்தார். ராணி கிடங்கை ஒரு சுற்று மோந்தது. பின்வாசல் வழியாக இறங்கி, கூட்டத்தைப் பிளந்துகொண்டு போய், பக்கத்துச் சந்தில் ஒரு டீக்கடையின் விறகுக் குவியல் முன்னால் உட்கார்ந்தது. விறகை விலக்கினால் மூட்டை! டீக்கடைக்காரர் அங்கேயே மயங்கி விழுந்தார். அண்ணாச்சி மூட்டையைக் கட்டிப் பிடித்துக்கொண்டார்.

ஏட்டு ராணியைக் காரில் ஏற்றினார். கார் ஒரு கட்டடத்தின் நிழலில் நின்றிருந்தது. கண்ணாடிகளை இறக்கிவிட்டு, "கொயட்" என்று சொல்லிவிட்டு, வழக்கம்போல் பக்கத்திலேயே நின்றுகொண்டார். அதிகாரி கடை வாசலிலிருந்து கூப்பிட்டார்.

"உள்ளே வாய்யா. மாலை போடணும்ங்கறாங்க."

"இங்கியே நிக்கிறேன் சார்."

"டிரைவர் பாத்துக்குவான். வான்னா வா. இது ஆர்டர்."

டிரைவர் வேலைக்குப் புதியவர். ஏட்டு அவரிடம் கண்ணாடியைக் காட்டி, நிழலைக் காட்டி, ராணியைக் காட்டி என்னென்னவோ சொல்லிவிட்டு மனசில்லாமல் உள்ளே வந்தார். அண்ணாச்சி மாலை போட்டார். ரோஸ் மில்க் கொடுத்தார். "ஏட்டையா, ஒக்காருங்க. இம்புட்டுப் பெரிய காரியம் செஞ்சிட்டு நின்னுக்கிட்டே இருக்கீகளே!" என்று நாற்காலியை இழுத்துப் போட்டார். ஏட்டு உட்காரவில்லை. பார்வை முழுக்க வாசலில்.

அந்தச் சமயத்தில் டிரைவரும் உள்ளே வந்து ரோஸ் மில்க் வாங்கிக்கொண்டு நின்றதை யாரும் கவனிக்கவில்லை. வேடிக்கை பார்க்க வந்த கூட்டம் காருக்குள் கையை விட்டு நாயைத் தொடப் பார்த்திருக்கிறது. யாரையாவது கடித்துவைக்கப் போகிறதே என்று பயந்து, டிரைவர் கண்ணாடிகளை எல்லாம் ஏற்றிப் பூட்டிவிட்டார். நிழலும் அதற்குள் நகர்ந்துவிட்டது.

ஒரு வாடிக்கையாளர் புடவை எடுக்க உள்ளே வந்தவர் மெனக்கெட்டு ஏட்டைப் பாராட்டினார். "வெளிய ஒரே கும்பல் சார். எல்லாரும் கண்ணாடியத் தட்டிக்கினு கீறாங்க. உங்க நாய் செல மாதிரி குந்திக்கினு கீது. சத்தமே இல்ல. இன்னா டிசிப்ளின்!"

ஏட்டின் கையிலிருந்த டம்ளர் விழுந்தது. கழுத்தில் மாலையோடு அவர் ஓடியதை என்னால் இன்றைக்கும் மறக்க முடியவில்லை. சாவியைக் கேட்கவில்லை. முழங்கையால் ஒரே இடி. கண்ணாடி உடைந்து கதவு திறந்தபோது ராணி உட்கார்ந்துதான் இருந்தது. நாக்கு பக்கவாட்டில் தொங்க, கண் எங்கேயோ நிலைகுத்தியிருந்தது. அவர் கை பட்டதும் சரிந்து விழுந்தது. அப்போதும் அது முனகக்கூட இல்லை.

தூக்கிக்கொண்டு கடைக்குள் வந்து மின்விசிறிக்கு அடியில் போட்டார். "தண்ணி! தண்ணி!" என்று கத்தினார். குடிதண்ணீர் அண்டாவை நாங்கள் நகர்த்தி வந்ததும், மேஜையில் விரித்திருந்த மாப்பிள்ளைப் பட்டுவேட்டியை இழுத்து அண்டாவில் முக்கி ராணியின் வயிற்றில் போட்டார். அது ஒரு கல்யாணக் கோஷ்டி பேரம் பேசிக்கொண்டிருந்த வேட்டி. அவர்கள் வாயைத் திறக்கும் முன்னால் அண்ணாச்சி பீரோவிலிருந்து வேட்டிகளை அள்ளி அள்ளி வீசினார். "எடுங்கய்யா! எல்லாத்தையும் நனைங்க! எங்க மானத்தக் காப்பாத்துன சீவன்யா அது!" என்று அவர் அழுதே விட்டார். நாங்கள் ஆளுக்கொரு காலை நனைத்துக்கொண்டிருந்தோம். கொஞ்சம் மூச்சு சீரானதும், உடைந்த கண்ணாடியோடு அதே அம்பாசிடர் கால்நடை டாக்டரிடம் பறந்தது.

ராணி பிழைத்துக்கொண்டது. சாயங்காலம் திருட்டுக் கேஸ் வாக்குமூலத்துக்காக அதிகாரியும் ஏட்டும் மறுபடி கடைக்கு வந்தார்கள். ஏட்டின் முழங்கையில் கட்டு. அதிகாரி அவரைப் பார்த்து, "கவர்மெண்ட் காரை உடைச்சிருக்கே. மெமோ குடுத்தாகணும், தெரியுமில்ல?" என்றார்.

"கண்ணாடிக்கு வேணாம் சார். அத்த வுட்டுட்டு வந்தேன் பாருங்க, அதுக்குக் குடுங்க."

"நான்தானேய்யா கூப்பிட்டேன்? பூட்டினது டிரைவர்."

"கயிறு உங்க கையிலயா கீது? அவன் கையிலயா? வாயத் தொறக்காதன்னு சொன்னதும் நான்தான். கத்தியிருந்தா யாராச்சும் வந்திருப்பாங்க. என் பேச்சக் கேட்டுச் சாவப் பாத்துச்சு சார்."

அதிகாரி வாக்குமூலத்தை எழுத ஆரம்பித்தார். கண்ணாடிக்கும் மெமோ வரவில்லை, மற்றதற்கும் வரவில்லை. வந்திருந்தால் ஏட்டு கொஞ்சம் நிம்மதியாக இருந்திருப்பார் என்று எனக்குத் தோன்றுகிறது. யாரும் தண்டிக்காததால் அவர் தன்னைத்தானே தண்டித்துக்கொண்டார்.

ராணி எழுந்து நடமாட ஆரம்பித்த பிறகு, என் லீவு நாள் ஒன்றில் வேன் வந்தது. ஏட்டு ராணியை இறக்கி மரத்தடியில் கட்டினார்; தண்ணீர் வைத்தார். பிறகு வேனை நிழலிலிருந்து எடுத்து நடுவெயிலில் நிறுத்தினார். கண்ணாடிகளை ஏற்றினார். உள்ளே, ராணி உட்காருகிற இடத்தில், அதைப்போலவே நிமிர்ந்து உட்கார்ந்து கதவைப் பூட்டிக்கொண்டார்.

சோற்றுத் தட்டும் ரசச் சொம்புமாக வந்த அந்த அம்மாள் இரண்டையும் கீழே வைத்தாள். "இன்னாய்யா இது கூத்து! கதவத் தொற!" என்று வேனை அறைந்தாள். அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. காக்கிச் சட்டை தெப்பமாக நனைந்து, முகம் சிவந்து கறுத்துக்கொண்டு வந்தது. தெருவே கூடிவிட்டது. வக்கீல் மாமா குடையால் கண்ணாடியைத் தட்டி, "ஓய்! இது தற்கொலை முயற்சி! சட்டப்படி குத்தம்! வெளில வாரும்!" என்று கத்தினார். பலனில்லை. நான் கல்லைத் தேடி ஓடினேன்.

அப்போதுதான் கேட்டது.

மரத்தடியில் ராணி எழுந்து நின்று குரைத்தது. 'ஸ்பீக்' என்று யாரும் சொல்லவில்லை. கயிறு அறுந்துவிடுகிற மாதிரி இழுத்துக்கொண்டு, தொண்டை கிழிய, நிறுத்தாமல் குரைத்தது. அடுத்த தெருவிலிருந்தெல்லாம் ஜனங்கள் ஓடி வந்தார்கள்.

வேன் கதவு திறந்தது. ஏட்டு தள்ளாடிக்கொண்டு இறங்கிப் போய் ராணியின் கழுத்தைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். போலீஸ்காரர் ஒருவர் நடுத்தெருவில் அப்படி அழுது நான் பார்த்ததில்லை.

"தனக்குன்னா வாயத் தொறக்கல சாமி," என்று வக்கீல் மாமாவிடம் சொன்னார். "எனக்குன்னா எப்டிக் கத்துது பாருங்க."

"அதுக்குக் கீற புத்தி உனுக்கு இல்லியே," என்று அந்த அம்மாள் ரசச் சொம்பை அப்படியே எடுத்து அவர் தலையில் ஊற்றினாள். நல்லவேளையாக ஆறிய ரசம்.

அதோடு 'கொயட்' ஒழிந்தது. ராணிக்கு வண்டிக்குள் இஷ்டம்போல் குரைக்க அனுமதி. ஊரில் உள்ள திருடர்களுக்கெல்லாம் முன்கூட்டியே தகவல் போய்விடுகிறது என்று மேலிடத்தில் கேலி செய்தார்களாம். "கத்தட்டும் சார். கத்தினா உசுரோட கீதுன்னு அர்த்தம்" என்றாராம் ஏட்டு. எங்கள் சந்து திரும்பும்போதே சத்தம் கேட்கும். வக்கீல் மாமா சோறும் கையுமாக எழுந்து வந்து காரை வெயிலுக்கு எடுப்பார். முணுமுணுப்பதை நிறுத்திவிட்டிருந்தார்.

அப்புறம் ராணிக்கு வயதாகி ஓய்வு கொடுத்தார்கள். ஏட்டு அதையும் அழைத்துக்கொண்டு வேறு ஊருக்கு மாற்றலாகிப் போனார். அவர்கள் போய்ப் பல கோடைகள் கழிந்து, சந்துக்குப் புதிதாகக் குடிவந்த ஒருவர் தன் காரைக் கொண்டுவந்து தூங்குமூஞ்சி மரத்தடியில் நிறுத்தினார். வக்கீல் மாமா உள்ளேயிருந்து குடையோடு ஓடி வந்தார்.

"அங்க நிறுத்தாதேள் சார். ராணி வந்தா எங்க நிப்பா?"