போர்வெல் லாரியில் தொங்கிய செயற்கைக்கோள்

கோபக்காரன் கையில் மைக்கைக் கொடுக்கக் கூடாது. கூடவே லைட்டை அணைக்கும் அதிகாரத்தையும் கொடுத்தால் என்ன நடக்கும் என்று நாமக்கல் பக்கம் ஒரு விடுதிப் பள்ளியில் கேட்டுப் பாருங்கள். என் பெயரைச் சொல்லிக் கேட்காதீர்கள். உள்ளேயே விடமாட்டார்கள்.

அந்தப் பள்ளியில் நான் இயற்பியல் வாத்தியார். தாளாளர் அதற்கு முன்னால் கோழிப்பண்ணை வைத்திருந்தவர். கொட்டகையில் கூடுதல் நேரம் விளக்கு எரிந்தால் கோழி கூடுதலாக முட்டையிடும். இந்த ஒரே அறிவை வைத்துக்கொண்டு அவர் பள்ளிக்கூடமும் கட்டினார். விடுதியில் படிக்கும் நேரம் விளக்கு எரியும். தூங்கும் நேரமும் எரியும். பிள்ளைகளைப் பெற்றவர்கள் மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்து பார்க்கலாம். அதுவும் வார்டன் பக்கத்தில் நின்று வாட்சைப் பார்த்துக்கொண்டிருப்பார்.

பள்ளியில் ஓர் ஆய்வகம் இருந்தது. அதிகாரிகள் வந்தால் காட்டுவதற்குக் கட்டியது. நான் சேர்ந்த நாள் முதல் அதில் பூட்டுதான் தொங்கியது. ஜன்னல் வழியாகப் பார்த்தால் பிளாஸ்டிக் உறை பிரிக்காத முப்பட்டகங்கள் வரிசையாகத் தெரியும். நான் வகுப்பறையில் நின்று, ஒளிவிலகலைச் சாக்பீஸில் வரைந்து கிழித்துக்கொண்டிருந்தேன். ஒருநாள் ஒரு பெண் எழுந்து, "சார், முப்பட்டகத்தைக் கையில வெச்சா ஓரம் குத்துமுங்களா?" என்று கேட்டாள். ஒளியியலில் முழு மதிப்பெண் வாங்கும் பெண் அவள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நேராகத் தாளாளர் அறைக்குப் போனேன்.

"லேப்பத் தொறங்க சார்" என்றேன்.

"தொறந்தா மார்க்கு ஏறுமுங்களா?"

"மார்க்கு ஏறாது. படிப்பு ஏறும்."

"பெத்தவங்க அதுக்கா சார் இங்க கொண்டாந்து உடறாங்க?" என்றார். கிண்டலாகச் சொல்லவில்லை. உண்மையாகவே சந்தேகம் கேட்டார். அதுதான் எனக்கு இன்னும் எரிந்தது.

அதற்குப் பிறகு வாரம் ஒருமுறை போய்ச் சண்டை போட்டேன். என் தொல்லை தாங்காமல் ஆண்டு விழாவுக்கு முன்னால் அவரே கூப்பிட்டார். சிறப்பு விருந்தினராக ஆத்தூர்ப் பக்கத்துக்காரர் ஒருவர் வருகிறார். செயற்கைக்கோள்களைக் கண்காணிக்கும் மலைநிலையம் ஒன்றில் பொறியாளராக இருந்து ஓய்வு பெற்றவர் என்றார்.

"அவருக்கேத்த மாதிரி ஏதாச்சும் செஞ்சு காட்டுங்க. பெத்தவங்க கைதட்டுனாங்கன்னா மறுநாளே பூட்டத் தொறந்து உட்டர்றேன். தட்டலைன்னா இந்தப் பேச்சையே எடுக்கக் கூடாது. செரிங்களா?"

"செரி" என்றேன். ஆய்வகத்தின் தலைவிதியைக் கைதட்டலில் கட்டித் தொங்கவிட்டுவிட்டு வந்தேன்.

செயற்கைக்கோள்களைக் கண்காணித்த வரலாற்றை முழுதாகப் படித்தேன். நல்ல வரலாறு. முதல் செயற்கைக்கோள்கள் பறந்தபோது அவை எங்கே இருக்கின்றன என்று கண்டுபிடிப்பதே பெரும் பாடாக இருந்திருக்கிறது. சம்பளம் இல்லாத ஆர்வலர்கள் சின்னச் சின்னத் தொலைநோக்கிகளோடு வரிசையாக உட்கார்ந்து, ஆளுக்கொரு துண்டு வானத்தைப் பங்கு போட்டுப் பார்த்தார்கள். தன் துண்டுக்குள் புள்ளி நகர்ந்தால் கத்த வேண்டும், அவ்வளவுதான் வேலை. பிறகு ராட்சதக் கேமராக்கள் வந்தன. நட்சத்திரங்களுக்கு நடுவே செயற்கைக்கோளைப் படம் பிடித்து, எந்த நட்சத்திரத்துக்குப் பக்கத்தில் நிற்கிறது என்று அளந்தார்கள். அறுபதுகளில் லேசர். தரையிலிருந்து ஒரு நொடிப்பொழுது ஒளியை மேலே அனுப்புவது, அது பட்டுத் திரும்பும் நேரத்தை அளப்பது, அதிலிருந்து தூரத்தைக் கண்டுபிடிப்பது. ஆரம்பத்தில் சில மீட்டர் முன்னே பின்னே வந்தது. இன்று மில்லிமீட்டரில் பேசுகிறார்கள். கண்டங்கள் நகர்வதைக்கூட இந்த நிலையங்களை வைத்து அளக்கிறார்கள்.

இதில் உயிரான விஷயம், செயற்கைக்கோளில் பதித்த கண்ணாடிகள். அறையின் மூலை மாதிரி மூன்று பக்கமும் ஒன்றுக்கொன்று செங்குத்தாக இருக்கும். எந்தப் பக்கத்திலிருந்து ஒளி வந்தாலும், வந்த திசைக்கே திருப்பி அனுப்பும். அந்தக் கண்ணாடியின் ஏழைத் தம்பி நம் ஊரில் ஒவ்வொரு லாரிக்குப் பின்னாலும் ஒட்டியிருக்கிறது. ரிஃப்ளெக்டர். லாரி கட்டும் ஊரில் இதற்கா பஞ்சம்? பை நிறைய வாங்கி வந்தேன்.

செயற்கைக்கோளுக்கு உருண்டையாக ஒன்று வேண்டுமே. விடுதிச் சமையலறையில் இரண்டு அலுமினிய அண்டாக்களை எடுத்து, வாயோடு வாய் வைத்துக் கட்டி, மேலே இடம் விடாமல் ரிஃப்ளெக்டர் ஒட்டினேன். (சமையல்காரர் அன்றைக்குச் சாம்பாரை வாளிகளில் வைத்தார். என் சாப்பாட்டில் மட்டும் அதற்குப் பிறகு உப்பு இல்லை.)

உயரத்தில் தொங்கவிட வேண்டும். என் மச்சினன் செல்வராசு திருச்செங்கோட்டில் போர்வெல் லாரி ஓட்டுகிறவன், சொந்த வண்டி. மைதானத்தின் கடைசியில் வண்டியை நிறுத்தி, மாஸ்டை, அதாவது துளைபோடும் நெட்டைக் கம்பத்தைத் தூக்கி, உச்சியில் அண்டாவைக் கட்டினால் போதும் என்றேன். வந்தான். மாஸ்டைத் தூக்கச் சொன்னால் மாட்டேன் என்றான்.

"தேங்கா ஒடைக்காம தூக்க முடியாதுங் மாமா."

"போர் போடல மாப்ள. செயற்கைக்கோள் கட்டறோம்."

"எதா இருந்தா என்னங் மாமா, மண்ணுல கால ஊனி மாஸ்டு தூக்கறோமுல்ல. எலுமிச்சம்பழம், கற்பூரம், தேங்கா. இல்லீனா வண்டிக்கு ஆகாது."

கற்பூரம் காட்டித் தேங்காய் உடைத்து, டயருக்கு எலுமிச்சம்பழம் வைத்து, அறிவியலைத் தூக்கி நிறுத்தினோம்.

விழாவுக்கு முந்தின நாள் சாயங்காலம் ஒத்திகை பார்த்தேன். தனியாக. (மற்ற வாத்தியார்கள் கெடுத்துவிடுவார்கள் என்று யாரையும் சேர்க்கவில்லை.) மேடையில் நின்று பெரிய டார்ச்சைக் காதோரம் பிடித்து அடித்தேன். மைதானத்தின் அந்தக் கோடியில் இரண்டு அண்டாவும் தேர் மாதிரி ஜொலித்தன. சிவப்பும் மஞ்சளும் வெள்ளையுமாகக் கண்ணைப் பறித்தது. அன்று வீட்டுக்குப் போய் மனைவி சாந்தாமணியிடம், "லேப் தொறந்தாச்சுன்னு வெச்சுக்க" என்றேன்.

விழா அன்று ஆயிரம் பேருக்கு மேல் கூட்டம். முன்னால் பிள்ளைகள் வகுப்பு வாரியாகத் தரையில். நடுவே கயிறு. கயிற்றுக்குப் பின்னால் பெற்றவர்கள். விழா முடிந்த பிறகுதான் பிள்ளைகளோடு பேசலாம் என்று உத்தரவு. அம்மாக்கள் பலகாரம் போட்ட தூக்குப்போசியை மடியில் வைத்துக்கொண்டு, வரிசையில் தங்கள் பிள்ளையின் பின்மண்டையைத் தேடிக்கொண்டிருந்தார்கள். அப்பாக்கள் போர்வெல் லாரியைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"ஏனுங், பள்ளிக்கூடத்துல போர் போடறாங்களா?"

"ஆமாங்காட்டியும். அதென்னுங்க மேல அண்டா?"

"தண்ணி புடிக்கவா இருக்கும்."

நான் பேச ஆரம்பித்தேன். ஆர்வலர்களைச் சொன்னேன், கேமராவைச் சொன்னேன், லேசருக்கு வருவதற்குள் கூட்டம் கொட்டாவி விட்டது. இருட்டியிருந்தது. "இப்போது பாருங்கள்! இந்தக் கண்ணாடி, ஒளியை அனுப்பியவனுக்கே திருப்பி அனுப்பும்!" என்று முழங்கி டார்ச்சை அடித்தேன். ஆயிரம் கழுத்தும் பின்னால் திரும்பின. என் கண்ணுக்கு அண்டா தகதகவென்று எரிந்தது.

"தெரியுதா?"

"தெரியலீங்க!"

"நல்லாப் பாருங்க! தெரியுதா?"

"அண்டா தெரியுதுங்க!" என்றார் ஒருவர். சிரிப்பு.

அனுப்பியவனுக்கே திருப்பி அனுப்பும். என் வாயால் நானே சொன்ன வாக்கியம். டார்ச் பிடித்தவனுக்கு மட்டும்தான் தெரியும், நடுவில் உட்கார்ந்திருப்பவனுக்கு எப்படித் தெரியும்? ஒத்திகைக்கு ஒரே ஓர் ஆளைக் கூட்டிப் போயிருந்தால் புரிந்திருக்கும். மேடையில் அது புரிந்ததா? இல்லை. கோபம்தான் வந்தது. "கண்ணு இருக்குதா இல்லையா உங்களுக்கு?" என்று மைக்கிலேயே கேட்டேன். சிரிப்பு நின்றது.

சிறப்பு விருந்தினர் எழுந்து வந்தார். என் தோளோடு தோள் ஒட்டி நின்று, டார்ச்சுக்குப் பக்கத்தில் தலையை வைத்துப் பார்த்தார். முகம் மலர்ந்துவிட்டது. மெதுவாக, "சூப்பரா வருதுப்பா. ஆனா உலகத்துலயே உனக்கும் எனக்கும் மட்டும்தான் தெரியுது. பேசாம அவங்கள நாலு நாலு பேரா மேடைக்குக் கூப்பிடு" என்றார்.

அருமையான யோசனை. கேட்டேனா? கூட்டம் அதற்குள் கலைந்துவிடும் என்று பயம். வெளிச்சம் அதிகமாக இருப்பதுதான் கோளாறு என்று முடிவு கட்டினேன். மேடைக்குக் கீழே நின்ற எலக்ட்ரீசியனைப் பார்த்துக் கத்தினேன்.

"லைட்டை அணைங்க!"

மேடை விளக்கை அணைத்தார். "தெரியலீங்க!"

"எல்லா லைட்டையும் அணைங்க! கேட்டுலயும் அணைங்க! மெயினையே புடுங்குங்க!"

புடுங்கினார்.

அந்தப் பள்ளியில் அதுவரை முழு இருட்டு வந்ததே இல்லை. அங்கே படித்த பிள்ளைகள் இருட்டையே அன்றுதான் பார்த்தார்கள். ஒரு கணம் சத்தமே இல்லை. பிறகு மழை வருகிற மாதிரி சரசரவென்று ஒரு சத்தம். எல்லோரும் என் செயற்கைக்கோளைப் பார்க்க எழுந்து நிற்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டேன். (இதை எழுதும்போது என்னை நானே அறைந்துகொள்ளத் தோன்றுகிறது.) டார்ச்சை அசைத்து அசைத்து, "இப்பத் தெரியுதா? இப்பத் தெரியுதா?" என்று கத்திக்கொண்டே இருந்தேன். "அம்மோவ்" என்று ஒரு குரல் கேட்டது. "வா சாமி, இங்கிருக்கேன் வா" என்று இன்னொன்று. தூக்குப்போசி உருளும் சத்தம். பைக் ஸ்டார்ட் ஆகும் சத்தம்.

தாளாளர் அலறி, விளக்குகள் திரும்ப வந்தபோது, முன்வரிசைகளில் செருப்புகள் மட்டும் இருந்தன. கயிறு அறுந்து கிடந்தது. விடுதி முழுக்க அம்மாக்களின் மடியில் இருந்தது. பன்னிரண்டாவது படிக்கும், மீசை முளைத்த பையன்கள் உட்பட. வெளிக்கேட்டில் வார்டன் பிரம்போடு ஒரு பைக்கின் பின்னால் ஓடிக்கொண்டிருந்தார். பைக்கில் அப்பா, அம்மா, நடுவில் அந்த முப்பட்டகம் கேட்ட பெண்.

தாளாளர் மைக்கைப் பிடுங்கினார். "பெத்தவங்கெல்லாம் தயவுசெஞ்சு புள்ளைங்களத் திருப்பி அனுப்புங்க!"

பெற்றவர்களின் முதல் வரிசையில் ஒருவர் மகனைத் தோளோடு அணைத்தபடி எழுந்தார். "எங்க புள்ள எங்ககிட்ட வந்திருக்குதுங்க. நீங்க யாருகிட்டத் திருப்பி அனுப்பச் சொல்றீங்க?"

அப்போதுதான் கைதட்டல் வந்தது. மைதானமே அதிர்ந்தது. நான் கேட்ட கைதட்டல்தான், என்ன, எனக்கில்லை. சிறப்பு விருந்தினர் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். "நாங்க மலையில விடிய விடிய வெளிச்சம் அனுப்புவோம். ஒண்ணுகூடத் திரும்பாத நாளெல்லாம் உண்டு. உனக்கு மொத்தமும் திரும்பிடுச்சேப்பா" என்றார்.

தாளாளரிடம் நான் வெட்கமே இல்லாமல், "கைதட்டிட்டாங்கல்லங்க" என்றேன். அவர் கேட்டைக் கை காட்டினார். செல்வராசு அண்டாவை அவிழ்த்துவிட்டு, என்னைப் போர்வெல் லாரியிலேயே ஏற்றிக்கொண்டு வந்து வீட்டில் இறக்கினான். வழியில் ஒன்றே ஒன்று சொன்னான். "தேங்கா அழுகலுங் மாமா. நான் பாத்தேன். உங்ககிட்டச் சொல்லல."

வேலை போனதில் எனக்கு வருத்தமில்லை. குமாரபாளையத்தில் டியூஷன் எடுக்கப் போய்விட்டேன். அடுத்த வருடம் அந்தப் பள்ளிப் பையன் ஒருவன் போன் செய்தான். "சார், நம்ம லேப்பத் தொறந்துட்டாங்க சார்! பூட்ட ஒடச்சே தொறந்துட்டாங்க!"

வீட்டுக்குள் ஓடினேன். "கேட்டியா? தொறந்துட்டான்! நான் போட்ட சண்டைக்குத் தொறந்துட்டான்!" சாந்தாமணி உடனே கேசரி கிண்டினாள். தெருவில் எல்லா வீட்டுக்கும் நானே தட்டைத் தூக்கிக்கொண்டு போய்க் கொடுத்தேன். ஜெயித்துவிட்டேன் என்று பக்கத்து வீட்டு நெசவுக்காரரிடம் அரைமணி நேரம் பேசினேன். தறிச் சத்தத்தில் அவருக்கு ஒன்றும் கேட்டிருக்காது.

ஞாயிற்றுக்கிழமை வண்டியை எடுத்துக்கொண்டு போய், காம்பவுண்டுக்கு வெளியே நின்று எட்டிப் பார்த்தேன். ஆய்வகக் கதவு உண்மையிலேயே திறந்திருந்தது. உள்ளே பெரிய ஜெனரேட்டர் ஓடிக்கொண்டிருந்தது. இனி எந்தக் காலத்திலும் ஒரு விநாடிகூட விளக்கு அணையக் கூடாது என்று வாங்கியதாம், கேட்டில் நின்ற காவலாளி சொன்னார். மேசைகள் வெளியே மழையில் கிடந்தன. முப்பட்டகங்கள் எங்கே போயின என்று யாருக்கும் தெரியவில்லை.

திரும்பி வந்து சொன்னபோது சாந்தாமணி முழுதாகக் கேட்டுக்கொண்டாள். பிறகு, "ஏனுங்க, குடுத்த கேசரியத் திருப்பி வாங்க முடியுமுங்களா?" என்றாள். அன்றைக்குச் சிரிக்க ஆரம்பித்தவர்கள்தான், என் வீட்டில் இன்னும் நிறுத்தவில்லை. எனக்கு எந்த நல்ல செய்தி வந்தாலும் சரி, "மொதல்ல போயிப் பாத்துட்டு வாங்க, அப்பறம் ரவைய வறுக்கறேன்" என்பாள்.

போன மாதம் என் மகளுக்குக் கல்லூரியில் இயற்பியலுக்கு இடம் கிடைத்தது. துள்ளிக்கொண்டு வந்து சொன்னாள். சாந்தாமணி அடுப்புப் பக்கமே போகவில்லை, என்னைத்தான் பார்த்தாள். நான் சட்டையை மாட்டிக்கொண்டு, அந்தக் கல்லூரியின் ஆய்வகம் திறந்திருக்கிறதா என்று பார்த்துவரக் கிளம்பினேன்.