நார்மல் மாமா ஃபெயிலான கதை

ரத்தப் பரிசோதனையைப் பரீட்சையாக்கி, அதற்கு டியூஷனும் எடுத்த மகான் உலகத்திலேயே ஒருவர்தான். எங்கள் மட்டாஞ்சேரித் தெரு நார்மல் மாமா. அவருடைய சொந்தப் பெயர் மாமிக்காவது நினைவிருக்குமா என்பது சந்தேகம்.

கொலஸ்டிரால் மாத்திரையை டாக்டர் தினமும் போடச் சொன்னால், மாமா டெஸ்டுக்குப் பதினைந்து நாள் முன்பு மட்டும் போடுவார். அந்தப் பதினைந்து நாளும் ஓட்ஸ், வெள்ளரிக்காய், ஃபோர்ட் கொச்சி கடற்கரை வரை நடை. ரத்தம் கொடுத்ததும், கையில் பஞ்சை அழுத்திக்கொண்டே நேரே சாயாக்கடை. நேந்திரம்பழத்தை மாவில் தோய்த்துப் பொரித்த பழம்பொரி மூன்று உள்ளே போகும். சாயங்காலம் ரிப்போர்ட்டை லேமினேட் செய்து வீடு வீடாகக் காட்டுவார்.

"ஜயிச்சாச்சு ஓய்! எல்லாம் நார்மலாக்கும்!"

ஐம்பதைத் தாண்டிய நாங்கள் ஏழு பேர் அவருக்குச் சிஷ்யர்கள். நானும் அவர் வழியில் பாஸானேன். அந்தப் பெருமையில் என் மனைவி நெய்ப் பாயசம் வைத்தாள். கேட்க வேண்டுமா!

போன வருஷம் பக்கத்துப் பள்ளுருத்தி ஆஸ்பத்திரிக்குப் புதிதாக வந்த டாக்டரம்மா, மாமாவுக்கு மூன்று மாதச் சர்க்கரை டெஸ்டும் சிறுநீர் டெஸ்டும் எழுதிக் கொடுத்தார்.

"அதென்ன மூணு மாசம்?"

"மூணு மாசமா ரத்தத்திலே சர்க்கரை எப்படி இருந்ததுன்னு அதிலே தெரிஞ்சுடும் மாமா."

"ஐயையோ, இது ஒளிஞ்சு நின்னு பார்க்கறதாக்கும்!"

மாமா ஃபெயில். சர்க்கரை எகிறியிருந்தது, சிறுநீரில் புரதம் கசிந்தது.

"கொழுப்பும் சர்க்கரையும் ஓடறது ஒரே ரத்தத்திலேதானே மாமா? அடி வாங்கறது ஹார்ட்டும் கிட்னியும். இனிமேலாவது ரெண்டுக்கும் தினம் மாத்திரை போட்டா கிட்னியைக் காப்பாத்தப் பார்க்கலாம்" என்றார் டாக்டரம்மா.

இனி மனுஷன் ஒரு மாதத்துக்குத் தெருவில் தலைகாட்ட மாட்டார் என்று நினைத்தேன். மறுநாள் விடிந்ததும் என் வாசலில் நிற்கிறார். கையில் அந்த ரிப்போர்ட்.

"ஓய், நான் தோத்துப்போனேன். கிட்னி கெட ஆரம்பிச்சாச்சு. உமக்கும் தப்பாச் சொல்லிக் குடுத்துட்டேன். சட்டையை மாட்டும், லேபுக்குப் போலாம்."

"பதினைஞ்சு நாள் ஓட்ஸ் சாப்பிடலையே மாமா?"

"ஒண்ணும் வேண்டாம். உள்ளது தெரியட்டும்."

இப்படியே ஏழு வீட்டுப் படியும் ஏறித் தன் தோல்வியைச் சொன்னார், அத்தனை பேரையும் லேபுக்கு இழுத்துக்கொண்டு போனார்.

எனக்குச் சர்க்கரை ஆரம்பத்திலேயே பிடிபட்டது, தப்பித்தேன். அவருக்காகத் தினமும் பகவதி கோயிலுக்குப் போகிறேன். அம்மன் முன்னால் நின்று கிட்னி என்று சொல்லக் கூச்சமாகத்தான் இருக்கிறது. ஆனால் ஒருநாளும் சொல்லாமல் வந்ததில்லை.