நான்கு கம்பமும் ஒரே உயரம்

மரியாதைக்குரிய மாமா அவர்களுக்கு,

உங்கள் மாப்பிள்ளை பணிவோடு எழுதுவது. இங்கே நான், உங்கள் மகள், பேத்தி மூவரும் சௌக்கியம். அங்கே நீங்களும் அத்தையும் தம்பிமார் மூவரும் சௌக்கியமாகவே இருப்பீர்கள். பள்ளிக்கூடத்து மேடையின் துணிக்கூரைதான் சௌக்கியமாக இல்லை. இரண்டு நாளாக என் போனை நீங்கள் எடுக்காததால் இந்தக் கடிதம்.

அண்ணன் தம்பி நால்வரும் படித்த பள்ளிக்கு, ஆளுக்கொரு கம்பம் கொடுத்து, கம்பத்துக்கொரு பெயர்ப்பலகையும் மாட்டி, மேடைக்குக் கூரை போட்டுத்தர நினைத்தது பெரிய மனசு. அதை வரைய வீட்டு மாப்பிள்ளையையே கூப்பிட்டது அதைவிடப் பெரிய மனசு. வீட்டு ஆள் என்றால் வரைபடத்தைப் பார்க்காமலே திட்டலாம். எதிரெதிர் மூலை இரண்டு உயர்ந்தும் மற்ற இரண்டு தாழ்ந்தும் இருந்தால்தான் துணி விறைப்பாக நிற்கும், மழைத்தண்ணீர் வழிந்து போகும் என்று உங்கள் கூடத்தில் என் கைக்குட்டையை வைத்தே காட்டினேன். ஆளுக்கொரு முனையைப் பிடியுங்கள், இரண்டு பேர் மட்டும் கையைத் தாழ்த்துங்கள் என்றேன். நால்வரும் கையைத் தூக்கினீர்கள். சின்ன மாமா நாற்காலி மேலேயே ஏறிவிட்டார். "என் பேர் போட்ட கம்பம் குட்டையா நின்னா பாக்கறவங்க என்ன நினைப்பாங்க?" என்று அவர் கேட்க, "மூத்தவன் நான் இருக்கேன், என் கம்பம் குனியணுமா?" என்று நீங்கள் கேட்க, கைக்குட்டை கிழிந்தது. அது உங்கள் மகள் வாங்கித் தந்தது, போகட்டும்.

மறுநாளே எனக்குத் தெரியாமல் வெல்டரைக் கூப்பிட்டு நான்கையும் ஒரே உயரத்தில் நட்டுத் துணியையும் கட்டிவிட்டீர்கள். குடும்பத்தில் சமாதானம். செவ்வாய்க்கிழமை மழை. துணி வயிறு தள்ளி, நடுவில் குளம் கட்டி, ஒரு காக்கை வந்து நிதானமாகக் குளித்துவிட்டுப் போனது. அந்தக் குளத்துக்கு நேர் கீழேதான் ஞாயிற்றுக்கிழமை திறப்புவிழா நாடகத்தில் உங்கள் பேத்தி மரமாக நிற்கப்போகிறாள், சுற்றிலும் நாற்பது பிள்ளைகள். அதைச் சொன்னதற்கு, "மரத்துக்குத் தண்ணி நல்லதுதானே மாப்பிள்ளை" என்று சிரித்தீர்கள். மரியாதைக்கு நானும் சிரித்தேன். வீட்டுக்கு வந்து கணக்குப் போட்டுப் பார்த்தேன், மாமா. அவ்வளவு தண்ணீரோடு துணி கிழிந்தால் கீழே நிற்பது என் பிள்ளை.

கூரை பத்திரமானது என்று வரைந்த இன்ஜினியர் நான் கையெழுத்துப் போட்டால்தான் பள்ளியில் மேடையைத் திறப்பார்களாம். நீங்க தலைகீழா நின்னாலும் போடமாட்டேன். நேற்று கடைசி முயற்சியாகச் சின்ன மாமாவைத் தனியாகப் பிடித்து, "தாழ்ந்த கம்பம்தான் மாமா கூரையையே இழுத்துப் பிடிக்குது, பலசாலிக்குத்தான் அந்த இடம்" என்றேன். உடனே செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார். கோபம் போல. ஆகவே உங்களிடமே கேட்கிறேன்: எதிரெதிர் மூலைக்காரர்கள் இரண்டு பேர் நாலடி குறையுங்கள். எந்த இரண்டு பேர் என்றாலும் எனக்குச் சம்மதம். இல்லாவிட்டால் கையெழுத்தும் கிடையாது, மரமும் வராது.

அத்தைக்கு என் வணக்கம். தம்பிமார் மூவருக்கும் வயது வரிசைப்படி, ஆனால் ஒரே உயரத்தில், என் வணக்கங்கள்.

இப்படிக்கு,
உங்கள் மேல் வைத்த மரியாதையில் ஓர் அடிகூடக் குறைக்காத
மாப்பிள்ளை

பின்குறிப்பு: கவரை ஒட்டும் நேரத்தில் வெல்டர் போன் செய்தார். "சார், காலையில உங்க சின்ன மாமா வந்து தன் கம்பத்துல நாலடி வெட்டச் சொன்னாரு. பலசாலிக்குத்தான் குட்டைக் கம்பமாம். அதைக் கேட்டுட்டு அவருக்கு மூத்தவரு வந்தாரு, அவருக்கும் மூத்தவரு வந்தாரு. கடைசியா உங்க மாமனாரே வந்து, மூத்தவன் நான் இருக்கேன்னு சத்தம் போட்டாரு. நாலையும் வெட்டியாச்சு. அளந்து பாத்துட்டேன் சார், இம்மி வித்தியாசம் இல்ல." ஆகவே மேலே எழுதிய எதையும் படிக்க வேண்டாம். துணியைக் கழற்றி மடித்து வைக்கச் சொல்லிவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை நாடகம் வெட்டவெளியில். மரத்துக்கு வெயிலும் நல்லதுதானே, மாமா?