சங்கை முந்த ஒரு பானெட்

உப்பளத்து ரோட்டில் திரும்பி ஜெயசிங் காரை விரட்டத் தொடங்கியதுமே சங்கு ஊத ஆரம்பித்துவிட்டது. அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். கயிறு ஆலையில் சங்கு ஊத இன்னும் கால் மணி நேரம் இருந்தது. ஆனால் ஊதுகிற சங்கிடம் கடிகாரத்தைக் காட்டி வாதாட முடியுமா?

ஆக்சிலேட்டரை அழுத்தினார். சங்கு இன்னும் உரக்க அலறியது. ஆலைத் திருப்பத்தில் அவர் பிரேக்கை மிதித்தபோது சங்கும் நின்றது. சங்கு நின்றதும் கேட்டைப் பூட்டுவது கம்பெனி வழக்கம். அவர் போய்ச் சேர்ந்தபோது வாட்ச்மேன் சுடலைமாடன் பூட்டைத் தொங்கவிட்டு, சாவியை இடுப்பில் செருகிக்கொண்டிருந்தான்.

"ஏலே சுடலை, கார் வாரது உன் கண்ணுல படலையா?"

"உங்களப் பாத்துட்டுத்தான் பூட்டினேன், அண்ணாச்சி. சங்கு நின்னுட்டுல்லா."

பக்கவாட்டுச் சின்னக் கதவு வழியாக, தலையைக் குனிந்துகொண்டு உள்ளே போக வேண்டியதாயிற்று. தாமதமாக வருகிறவர்கள் குனிந்து வரட்டும் என்றே அதைக் குட்டையாக வைத்திருந்தார்கள். குனிந்த தலை நிமிர்ந்தபோது எதிரே மேனேஜர் அருமைநாயகம் நின்றிருந்தார்.

"இந்தக் கம்பெனியில கார் வச்சிருக்க ஒரே டிராப்ட்ஸ்மேன் நீரு. லேட்டா வார ஒரே ஆளும் நீருதான்."

"சார், சங்கு இன்னைக்கு முந்தி ஊதிட்டு."

"அது மெஷின், ஓய். முந்தவும் செய்யாது, பிந்தவும் செய்யாது. லேபர் லைன்ல இருக்க அத்தனை பேரும் உள்ள வந்தாச்சு. இன்னும் ரெண்டு தடவை பாப்பேன். அதுக்கு மேல அந்தச் சின்னக் கதவும் உமக்குக் கிடையாது."

தொழிலாளிகளுக்கு என்ன கஷ்டம்? லேபர் லைன் என்கிற அவர்கள் குடியிருப்பு ஆலைச் சுவரை ஒட்டியே இருந்தது. சங்கு தொடங்கினால் எழுந்து, சங்கு முடிவதற்குள் உள்ளே வந்துவிடலாம். ஜெயசிங் ஊரின் மறுகோடியிலிருந்து வர வேண்டும். வேலை போய்விட்டால் நாசரேத்தில் மாமனார் ஜீவமணி வாத்தியார் வீட்டில் போய் உட்கார வேண்டும். அந்த மனிதர் சாப்பாட்டுக்கு முன்னால் செய்கிற ஜெபத்திலேயே மருமகனின் குறைகளை ஆண்டவரிடம் ஒவ்வொன்றாக எடுத்துச் சொல்லுவார். சோறு ஆறிப்போகும்.

இவ்வளவுக்கும் காரை மாற்றியமைத்ததே சங்கை முந்தத்தான். ஓய்வுபெற்ற டாக்டர் ஒருவரிடம் வாங்கிய பழைய கறுப்புக் கார் அது. ஏற்றத்தில் மாட்டுவண்டிக்கு வழிவிட்டு ஓரமாக நிற்கும். ஹார்பர் ஏலத்தில் வந்த கப்பல் சாமான்களுக்கு நடுவே ஜெயசிங் ஒரு டர்போவைக் கண்டார். எஞ்சின் விடுகிற புகையின் வேகத்திலேயே சுழன்று, வெளிக்காற்றை அமுக்கி எஞ்சினுக்குள் திணிக்கிற சாமான். அதை வாங்கிக் காரில் மாட்டினார். கார் பறந்தது. கூடவே சூடும் ஏறியது. எஞ்சின் மூடியான பானெட்டின் பெயிண்ட் அப்பளமாகப் பொரிந்தது. பெட்ரோல் குழாயிலேயே ஆவியாகிப்போய் வண்டி நடுரோட்டில் நின்றது.

"இது காரா, அடுப்பா?" என்றாள் மனைவி இன்பமணி. மிஷன் பள்ளியில் கணக்கு டீச்சர்.

"சூடு வெளிய போக வழி இல்ல. பானெட்டுல வழி வச்சுட்டாப் போதும்."

பானெட்டைக் கழற்றி வீட்டு முற்றத்தில் கயிற்றுக் கட்டில் மேல் கிடத்தினார். இன்பமணியின் சாக்பீஸால் கோடு போட்டார். உளியால் கோட்டை வெட்டி, ஆட்டுரல் விளிம்பில் வைத்துச் சுத்தியலால் தட்டி, ஒவ்வொரு வெட்டின் உதட்டையும் தூக்கிவிட்டார். மீன் செவுள் மாதிரி இரண்டு வரிசை அமைந்தது. பார்க்க அழகாகத்தான் இருந்தது. ஆட்டுரல் விளிம்பு பெயர்ந்துபோனதால் அந்த வாரம் தோசை மாவில் மட்டும் கல் கடித்தது.

சூடு அடங்கியது. ஜெயசிங் சங்குக்கு முன்னால் போய் நாற்காலியில் உட்கார்ந்து, வருகிறவர்களைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார். அந்தச் சிரிப்பு ஐப்பசி மழை வரைக்கும் நீடித்தது. செவுள் வழியாகத் தண்ணீர் இறங்கி, பிளக்கெல்லாம் நனைந்து, கார் காய்ச்சல் கண்டதுபோல் நடுங்கி நின்றுவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை பிஸ்கட் டின்களை நறுக்கி, ஒவ்வொரு செவுளுக்கும் குனிந்த தொப்பி ஒன்று செய்தார். தொப்பியின் வாய் முன்பக்கம். காற்று நுழைய ஒரு விரல் சந்து. ஈயம் பற்றவைக்கிற இரும்பை இன்பமணியின் அடுப்பிலேயே காய்ச்சினார். குழம்பில் ஈயவாடை அடித்தது. அடுத்த வீட்டுக் கோயில்பிள்ளை எபனேசர், கோயில் மணி அடிக்கிறவர், மதில் மேல் தலையை நீட்டினார்.

"ஓய்வு நாள்ல சுத்தியல் சத்தம் கேக்குதே, ஜெயசிங். இதுக்கெல்லாம் பலன் உண்டு, பாத்துக்கிடும்."

பலன் மறுநாளே வந்தது. அன்றிலிருந்துதான் சங்கு முந்த ஆரம்பித்தது.

மேனேஜரிடம் திட்டு வாங்கிய அன்று சாயங்காலம் சங்குக்குப் பதிலாகச் சுடலைமாடன் தண்டவாளத் துண்டை அடித்து ஆட்களை வெளியே விட்டான். "கரண்டு இல்ல, அண்ணாச்சி," என்றான், கேட்காமலேயே. ஜெயசிங் அதைக் காதில் வாங்கவில்லை. அவர் கடிகாரக் கடைக்கு ஓடிக்கொண்டிருந்தார்.

"கடிகாரத்துல ஒரு கோளாறும் இல்ல," என்றார் கடைக்காரர்.

"சங்கு தப்பா ஊதுமா?"

கடைக்காரர் யோசித்தார். அவருடைய கடையில் தொங்கிய கடிகாரங்களுக்கெல்லாம் நேரம் வைப்பதே அந்தச் சங்கைக் கேட்டுத்தான். "சங்கு தப்பா ஊதாது," என்று ஒத்துக்கொண்டு, ஜெயசிங்கின் முள்ளைக் கால் மணி நேரம் முன்னால் தள்ளி வைத்தார். பிறகு தன் கடை முழுவதையும் தள்ளி வைத்தார்.

வீட்டுச் சுவர்க் கடிகாரமும் தள்ளி வைக்கப்பட்டது. இன்பமணி இருட்டில் எழுந்து இட்லி அவித்தாள்.

"இலங்கை ரேடியோவுல காலைச் செய்தி இன்னும் வரலையே."

"அவன் லேட்டா எழும்புதான். நீ இட்லிய எடு, ஏளா."

இட்லியை வாயில் அடைத்துக்கொண்டு கிளம்பினார். உப்பளத்து ரோட்டில் திரும்பி வேகம் பிடித்தார். சங்கு ஊதியது. அழுத்தினார். திருப்பத்தில் பிரேக். சங்கு நின்றது. பூட்டு விழுந்தது.

"உம்ம கணக்குல இன்னும் ஒண்ணுதான் பாக்கி," என்றார் மேனேஜர்.

ஜெயசிங்குக்கு உட்கார்ந்தால் நிற்கத் தோன்றியது. நின்றால் நடக்கத் தோன்றியது. அன்றைக்கு வரைந்த கப்பிச் சக்கரப் படத்தில் அச்சே போட மறந்துவிட்டார். சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் சட்டையைக்கூடக் கழற்றாமல் பானெட்டைக் கழற்றினார்.

"மறுபடியுமா?" என்றாள் இன்பமணி.

"வேகம் பத்தல. எஞ்சினுக்கு இன்னும் காத்து வேணும். இன்னும் ரெண்டு வரிசை திறக்கப்போறேன்."

"நீங்க சீக்கிரம் போனா அது அதவிடச் சீக்கிரம் ஊதுது. இது எந்தக் கணக்குலயும் வரலையே. எனக்குப் பயமா இருக்கு. பேசாம ஒரு நாள் சைக்கிள்ல போயிப் பாருங்களேன்."

"கார்ல போயே லேட்டு. சைக்கிள்ல போனா சாயங்காலச் சங்குக்குத்தான் போய்ச் சேருவேன்."

உளி இறங்கியது. ஆட்டுரலின் மறுபக்கமும் பெயர்ந்தது. டின் போதாமல் இன்பமணியின் முறுக்கு டப்பாவும் பலியானது. நான்கு வரிசைத் தொப்பிகளோடு பானெட் காரில் ஏறியபோது எபனேசர் மதிலுக்கு மேல் தோன்றினார். கண் சிவந்திருந்தது.

"இப்பல்லாம் சங்கு நம்ம தெரு வரைக்கும் கணீர்னு கேக்குது, ஜெயசிங். அதக் கேட்டுத்தான் நான் கோயில் மணி அடிக்கேன். ஜெபத்துக்கு வார கிழவியெல்லாம் டார்ச் லைட் கொண்டு வந்து என்னை ஏசுதாளுவ."

"கார்த்திகை பொறந்தாச்சுல்லா. விடியப் பிந்தும்," என்று ஜெயசிங் சமாதானம் சொன்னார். தனக்கும் அதையே சொல்லிக்கொண்டார்.

மறுநாள் அவர் கிளம்பியபோது தெருவில் நாய்கள்கூட எழுந்திருக்கவில்லை. இன்றைக்கு முந்திவிடலாம் என்று தைரியம் வந்தது. உப்பளத்து ரோட்டில் திரும்பி, காலை ஊன்றினார். டர்போ சீறியது. உடனே ஆரம்பித்ததே பார்க்கலாம் சங்கு. அப்படி ஒரு சங்கை அவர் ஆயுளில் கேட்டதில்லை. காது ஜவ்வு கிழிகிற மாதிரி, நாலு ஊர்ச் சங்கும் சேர்ந்து அவரையே பார்த்து ஊதுவது மாதிரி இருந்தது. அழுகை வந்துவிட்டது. "ஆண்டவரே, நான் உமக்கு என்ன செஞ்சேன்?" என்று கேட்டுக்கொண்டே இன்னும் அழுத்தினார்.

நாலு வரிசைத் தொப்பிக்குள்ளும் காற்று புகுந்து பானெட்டைத் தூக்கியது. கொக்கி தெறித்தது. பானெட் எழும்பிக் கண்ணாடியை ஒரு தடவை மறைத்து, காரின் கூரையைத் தாண்டிப் பறந்து, உப்புப் பாத்தியில் போய் விழுந்தது. அதே கணத்தில் சங்கு சட்டென்று நின்றது.

"பூட்டிட்டான்," என்று ஜெயசிங் முனகினார். பானெட்டைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

பூட்டித்தான் இருந்தான். மேனேஜர் வெளியே வரவும் இல்லை. ஆலைக்குள்ளேயே இருந்த தன் பங்களா ஜன்னல் வழியாக, பல் துலக்கிக்கொண்டே சொன்னார்: "இன்னைக்கு உள்ள வாரும். நாளைக்கும் இதே கதைன்னா, வராமலே இருந்துக்கிடும்."

சாயங்காலம் உப்பளத்துப் பெண்கள் பானெட்டைப் பாத்தியிலிருந்து இழுத்துப் போட்டிருந்தார்கள். உப்பில் ஊறி, நடுவில் மடிந்து, தொப்பிகளெல்லாம் நசுங்கிக் கிடந்தது. ஜெயசிங் அதைச் சுமந்து வந்து கோழிக்கூண்டு மேல் வைத்தார். இன்பமணி சைக்கிளைத் துடைத்து, காற்றடித்து, வாசலில் நிறுத்தினாள்.

விடியலில் சைக்கிளை மிதித்தார். எதிர்க்காற்று. ஒவ்வொரு மிதிக்கும் காதைத் தீட்டிக்கொண்டார். உப்பளத்து ரோடு வந்தது, சங்கு ஊதவில்லை. பாதி ரோடு போயிற்று, ஊதவில்லை. முழங்கால் நோக, மூச்சு வாங்க, திருப்பத்தைத் தாண்டினார். கேட் அகலத் திறந்து கிடந்தது. அதன் நட்டநடுவாக, நிமிர்ந்த தலையோடு உள்ளே போனார். சுடலைமாடன் ஸ்டூலில் உட்கார்ந்து, அவருக்குப் பின்னால் ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தான்.

நாற்காலியில் போய் உட்கார்ந்து சிரிப்பைத் தயாராக வைத்துக்கொண்டார். சிரிக்கத்தான் ஆள் வரவில்லை. வெயில் ஜன்னலில் ஏறியது. மேசைக்கு வந்தது. கயிறு முறுக்குகிற மெஷின்கள் அப்படியே நின்றன. லேபர் லைனிலிருந்து குறட்டைச் சத்தம் வந்தது.

பங்களாவிலிருந்து அருமைநாயகம் பாதி முகத்தில் சோப்பு நுரையோடு ஓடி வந்தார்.

"சங்கு ஊதிட்டா?"

"இன்னும் இல்ல, சார்."

"ஊதலையா? சூரியன் உச்சிக்கு ஏறுதே. ஒரு பய வரல. நீரு மட்டும் எப்படி வந்தீரு?"

"கடமை, சார்," என்றார் ஜெயசிங்.

மேனேஜர் சோப்புக் கையை நீட்டி அவர் கையைப் பிடித்துக் குலுக்கினார். "சங்கு ஊதாமலே வேலைக்கு வந்த ஒரே மனுஷன் நீரு. உம்மையா நான் போகச் சொன்னேன்? மறந்துரும், ஓய்."

ஜெயசிங்குக்குக் கண் கலங்கிவிட்டது. நாசரேத்தும் மாமனாரின் ஜெபமும் எங்கோ தூரத்தில் மறைந்தன. இந்த நல்ல செய்தியை யாரிடமாவது சொல்லாவிட்டால் நெஞ்சு வெடித்துவிடும் போலிருந்தது. நுரை படிந்த கையோடு கேட்டுக்கு வந்தார்.

"ஏலே சுடலை, பாத்தியா? இனிமே எனக்குக் காரே வேண்டாம். தினமும் சைக்கிள்தான்."

சுடலைமாடன் நாலு பக்கமும் பார்த்துவிட்டு அவரைக் கைப்பிடியாக வாட்ச்மேன் கூண்டுக்குப் பின்னால் இழுத்துப் போனான். அவன் முகம் பேயறைந்த மாதிரி இருந்தது.

"மழையில நனைஞ்சு சங்கு மோட்டார் எரிஞ்சதுலேருந்து, மேனேஜருக்குத் தெரியாம, உங்க கார் பானெட்டு சங்கு மாதிரி ஊதிக்கிட்டு வாரத வச்சுல்லா, அண்ணாச்சி, நான் ஆளைக் கூட்டி கேட்டைப் பூட்டிக்கிட்டிருந்தேன்."