கொட்டாங்கச்சி மாமாவும் கொள்ளிடத்துக் கோல்ஃபும்

நம் தேசத்தில் எத்தனையோ ராஜாக்களும் ஜமீன்தார்களும் கோல்ஃப் ஆடியிருப்பார்கள். ஆனால் மூன்று வருஷம் ஆடியும் ஒரு புல்லைக்கூட மிதிக்காத கோல்ஃப் ஆட்டக்காரர் உலகத்திலேயே ஒருவர்தான் உண்டு. அவர் எங்கள் ஆபீஸ் ஹெட்கிளார்க். அவருடைய சொந்தப் பெயர் சம்பளப் பட்டியலில் பத்திரமாக இருந்தது. மற்றபடி திருச்சி ஜங்ஷனிலிருந்து ஸ்ரீரங்கம் வடக்கு வாசல் வரைக்கும் அவர் கொட்டாங்கச்சி மாமாதான்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளில் நடந்த கதை இது. நான் திருச்சியில் ரயில்வே ஆபீஸ் ஒன்றில் குமாஸ்தா. ஸ்ரீரங்கத்தில் மாமா வீட்டுக்கு நாலு வீடு தள்ளி ஓர் அறை வாடகைக்கு எடுத்திருந்தேன். என் வாழ்க்கையில் நான் செய்த பெரிய தப்பு அந்த நாலு வீட்டை நாற்பது வீடாக ஆக்கிக்கொள்ளாததுதான்.

எங்கள் பெரிய துரை பென்ஷன் வாங்கிக்கொண்டு சீமைக்குக் கிளம்பினார். போகும்போது சாமான்களை எல்லோருக்கும் பகிர்ந்து கொடுத்தார். பட்லருக்குக் கடிகாரம் கிடைத்தது. தோட்டக்காரனுக்கு நாய். துரையின் கடிதங்களை இருபது வருஷம் இலக்கணப் பிழை திருத்தி அனுப்பிய மாமா, அவருடைய சாய்வு நாற்காலி தமக்குத்தான் என்று நம்பியிருந்தார். அவருக்குக் கிடைத்தது ஒரு நீளமான தோல் பை. உள்ளே ஆறு கோல்ஃப் மட்டைகள், மூன்று பந்துகள், சிவப்பு அட்டை போட்ட ஒரு சட்டப் புத்தகம்.

மட்டையோடு விட்டிருந்தால் மாமி அதை வைத்து முருங்கைக்காய் பறித்திருப்பாள், கதை முடிந்திருக்கும். புத்தகத்தைக் கொடுத்ததுதான் வினை. சட்டம் என்று எதை அச்சடித்துக் கொடுத்தாலும் மாமாவுக்கு அது அக்காரவடிசல். ஒரே வாரத்தில் அத்தனையும் தலைகீழ்ப் பாடம். அடுத்த திங்கட்கிழமை காலை வண்டியில் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"ஏன் ஓய், இது நமக்குன்னே பண்ணின ஆட்டம். ஓட வேண்டாம், வேர்க்க வேண்டாம். ஒருத்தரை ஒருத்தர் தொட வேண்டாம். ஒருத்தன் பந்தை இன்னொருத்தன் எடுக்கவே கூடாதுன்னு சட்டம் இருக்கு! நம்ம மார்க்கை நாமே போட்டுக்கலாம். மடிக்கு இதைவிட ஒத்து வர ஆட்டம் உண்டா, சொல்லும்?"

"மட்டையோட கைப்பிடி தோல் ஆச்சுங்களே, சார்?" என்றேன். சும்மா இருந்திருக்கலாம்.

கோட்டை ஸ்டேஷன் தாண்டும் வரை மாமா விரலை மடக்கி ஏதோ கணக்குப் பார்த்தார். மறுநாள் போய்ப் பார்த்தால் ஆறு மட்டைகளின் கைப்பிடியிலும் அரக்குப் பட்டு சுற்றியிருந்தது. பட்டுக்குத்தான் எந்தத் தீட்டும் கிடையாதே! மாமியின் கல்யாணக் கூறைப்புடவையில் ஒரு முழத்தைக் காணோம் என்பது அவளுக்குத் தெரிய ஆறு மாதம் ஆயிற்று. அந்தச் சண்டையை நான் எழுதப் போவதில்லை. பத்திரிகை ஆசிரியர் நல்லவர்.

சரி, எங்கே ஆடுவது? ஊருக்கு வெளியே துரைமார்களின் கிளப் இருந்தது. வேலி போட்டு, தினமும் தண்ணீர் ஊற்றி, பச்சைப் பசேலென்று புல் வளர்த்திருந்தார்கள். அந்தக் கிளப் மாமாவை உள்ளே விடாது. விட்டாலும் மாமா அங்கே ஒரு வாய் தண்ணீர் குடிக்க மாட்டார். அந்தக் காலத்தில் வெள்ளைக்காரரும் நம்மவரும் மனமொத்து நடந்துகொண்ட விஷயம் எனக்குத் தெரிந்து இது ஒன்றுதான்.

ஆகவே மாமா கொள்ளிடத்தில் ஆடினார். வெள்ளம் வராத மாதங்களில் கொள்ளிடம் எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரியும். கரையோரம் ஒரு வாய்க்கால் அளவு தண்ணீர், அப்புறம் கண்ணுக்கெட்டிய வரை மணல். மற்ற நாட்டு ஆட்டக்காரர்களுக்கு மணல் என்றால் சிம்ம சொப்பனம். பந்து மணல் பள்ளத்தில் விழுந்துவிட்டால் தலையில் கை வைத்துக்கொள்வார்களாம். மாமாவுக்கு ஆட்டமே மணலில்தான்.

மணலில் குழி தோண்டினால் காற்று மூடிவிடும். அதற்காக மாமா கொட்டாங்கச்சியை வாய் மேலே இருக்கும்படி புதைத்தார். மொத்தம் ஒன்பது. ஒன்பதுக்கும் ஸ்ரீவைகுண்டம் முதலான நவதிருப்பதிகளின் பெயரை வைத்தார். மணலில் பந்து உருளாது என்பதால், பந்துக்குப் பின்னால் இரண்டு விரற்கடை தள்ளி மணலில், தாம் 'வெட்டு இரும்பு' என்று பெயர் வைத்த மட்டையால் ஓங்கி ஒரு வெட்டு வெட்டுவார். மணலோடு பந்தும் எழும்பி நேரே கொட்டாங்கச்சியில் 'டொக்'கென்று விழும். உருட்டுவதற்கென்றே ஒரு மட்டை பையில் உண்டு. அது மாமி வசம், முருங்கை மரத்தடியில் இருந்தது.

இந்த ஆட்டத்தின் நன்மைகளை மாமா தினமும் சொல்லுவார். நல்ல காற்று, நல்ல நடை, நல்ல பசி. கெடுதல் ஒன்றே ஒன்றுதான். பையைச் சுமக்க ஓர் ஆள் வேண்டும். என் லீவு விண்ணப்பங்களெல்லாம் மாமாவின் மேஜை வழியாகத்தான் போகவேண்டும் என்பதால், அந்த ஆள் நான். விடியற்காலைத் தூக்கத்தை மறந்து மூன்று வருஷம் மணலில் பை சுமந்தேன். ஆபீசில் லெட்ஜரைப் பிரித்தால் என் காதிலிருந்து மணல் கொட்டும்.

அடிப்பதற்கு முன்னால் ஆட்களை எச்சரிக்கக் குரல் கொடுக்க வேண்டும் என்று புத்தகத்தில் இருந்தது. மாமா, "ரங்கா! ரங்கா!" என்று கத்துவார். கேட்டவர்கள் ஓடவேண்டும், குனியவேண்டும். ஸ்ரீரங்கத்துக்காரர்கள் என்ன செய்வார்கள்? குளித்துக்கொண்டிருந்தவர்கள் அப்படியே நிமிர்ந்து, கையைத் தலைக்கு மேல் கூப்பி, கண்ணை மூடிக்கொண்டு நிற்பார்கள். இதைவிட வசதியாகப் பந்தடி வாங்க முடியாது. ஒரு வருஷத்தில் ஏழு பேருக்கு நெற்றி வீங்கியது. எட்டாவது ஆள் நான்.

ஒரு நாள் கரூர்ப் பக்கத்திலிருந்து ஒருவர் தகப்பனாருக்குத் திதி கொடுக்க வந்திருந்தார். இலையில் பிண்டம் வைத்துவிட்டு அரை மணி நேரமாகக் காக்கையை அழைக்கிறார். ஒன்றும் வரவில்லை. அப்போது மாமாவின் பந்து வந்து இலையில் பிண்டத்தின் பக்கத்தில் உட்கார்ந்தது. பந்தின் வெள்ளை தேய்ந்துவிட்டால் மாமா அதற்குத் திருமண் பூசுவது வழக்கம், ஆகையால் பிண்டத்துக்கும் அதற்கும் பெரிய வித்தியாசம் இல்லை. எங்கிருந்தோ ஒரு காக்கை இறங்கி, பிண்டத்தை எல்லாம் விட்டுவிட்டுப் பந்தைக் கவ்விக்கொண்டு பறந்தது.

"அப்பா வந்துட்டாருங்க!" என்று அந்த மனிதர் தேம்பித் தேம்பி அழுதார்.

மாமா மட்டையும் கையுமாக வந்து சேர்ந்தார். "அழாதீரும். வெளியார் பந்தை எடுத்துண்டு போனா ஆட்டக்காரனுக்குக் குத்தம் இல்லை, வேற பந்து வெச்சுக்கலாம்னு சட்டம்" என்றார்.

"வெளியார் இல்லீங்க, எங்க அப்பா!" என்றார் அவர்.

திதி செய்துவைத்த வாத்தியார் மட்டையைப் பார்த்தார், மாமாவைப் பார்த்தார், தட்சிணையைப் பார்த்தார். "பித்ருக்கள் திருப்தி" என்று சொல்லிக் காரியத்தை முடித்துவிட்டார்.

இவ்வளவு ஆடியும் மாமாவுக்கு ஒரே ஒரு குறை. சில மாலைகளில் ஆபீஸ் விட்டதும் வண்டி ஏறாமல் கிளப் வேலிப் பக்கம் போய் நிற்பார். "ஒரே ஒரு தடவை புல்லுல ஆடிப் பார்க்கணும் ஓய்" என்பார். அந்த நேரத்தில் மட்டும் எனக்கு அவரைக் கேலி செய்யத் தோன்றாது.

அந்த ஒரு தடவையும் வந்தது. வருஷா வருஷம் எங்கள் துரைகளுக்கும் பட்டாளத்துத் துரைகளுக்கும் போட்டி உண்டு, கட்சிக்கு இருவர். புதுத் துரை எங்கள் கட்சி. போட்டிக்கு முந்தின நாள் அவருடைய கூட்டாளி ஜுரத்தில் படுத்துவிட்டார். வேறு ஆள் கிடைக்கவில்லை. துரை பைலில் கையெழுத்துப் போட்டுக்கொண்டே அலுத்துக்கொண்டார். பைலைப் பிடித்துக்கொண்டிருந்த மாமா தொண்டையைக் கனைத்து, தாமும் ஆடுவதுண்டு என்று இங்கிலீஷில் விண்ணப்பித்துக்கொண்டார். துரை சிரித்தார். மாமா முதல் சட்டத்திலிருந்து ஒப்பிக்கத் தொடங்கினார். பதினோராவது சட்டத்தில் துரை சிரிப்பதை நிறுத்திவிட்டு, "ஜெயித்தால் ஞாயிறுதோறும் நீ கிளப்பில் ஆட அனுமதி வாங்கித் தருகிறேன்" என்று சொல்லிவிட்டார்.

அன்று மாமா பஞ்சகச்சம், கோட்டு, தலைப்பாகை, பன்னிரண்டு திருமண், வெறுங்கால் என்று கிளப்புக்குள் நுழைந்தார். நான் பின்னால் பையோடு. உருட்டு மட்டையை மாமியிடமிருந்து மீட்டுக் கொண்டு வந்திருந்தோம். செருப்பில்லாமல் ஆடக் கூடாது என்று கிளப் செக்ரெடரி ஓடி வந்தார். எந்தச் சட்டத்தில் என்று மாமா கேட்டார். செக்ரெடரி திரும்பிப் போனார்.

ஒன்பது குழி. எந்தக் கட்சி அதிகக் குழி ஜெயிக்கிறதோ அதற்கு வெற்றி. இரண்டு பேரில் யார் குறைந்த அடியில் போட்டாலும் அது கட்சியின் அடி.

மாமா புல்லில் காலை வைத்தார். "அடடா, மெத்தை ஓய்!" என்றார். பிறகு "ரங்கா!" என்று கத்திவிட்டு, கொள்ளிடத்து வழக்கப்படி இரண்டு விரற்கடை பின்னால் வெட்டினார். பெரிய புல்தகடு ஒன்று பறந்தது. பந்து அங்கேயே இருந்தது. இப்படி மூன்று தடவை. பட்டாளத்துத் துரைகள் முதுகைத் திருப்பிக்கொண்டு குலுங்கினார்கள். எங்கள் துரையின் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை. நாலாவது அடியில் பந்து தத்தித் தாவி ஒரு மணல் பள்ளத்தில் விழுந்தது. துரை தலையில் கை வைத்தார்.

மாமாவின் முகம் மலர்ந்தது. "ஆத்துக்கு வந்துட்டோம் ஓய்!" என்று பள்ளத்தில் இறங்கி ஒரு வெட்டு வெட்டினார். டொக்.

அதன் பிறகு நடந்தது அந்தக் கிளப்பில் முன்னும் பின்னும் நடந்திருக்காது. உலகமே மணலுக்குத் தப்பித்து ஆடுகிறது. மாமா தேடித் தேடி மணலில் போய் விழுந்தார். பள்ளம் இடது பக்கம் இருந்தால் இடது பக்கம் தட்டுவார், வலது பக்கம் இருந்தால் வலது பக்கம். உள்ளே போய்விட்டால் அடுத்தது டொக்தான். பட்டாளத்துக்காரர்கள் நாலாவது குழியோடு சிரிப்பதை நிறுத்தினார்கள். எட்டுக் குழி முடிந்தபோது இரண்டு கட்சியும் சமம்.

ஒன்பதாவது குழி கிளப் வராந்தாவுக்கு எதிரே இருந்தது. துரைசானிகள் டீ குடித்துக்கொண்டிருந்தார்கள். எங்கள் துரையின் பந்து குளத்தில் போயிற்று. மாமா மணலைப் பார்த்து அடித்த பந்து, போதாத காலம், மணலைத் தாண்டிக் குழிக்கு இரண்டு கஜம் முன்னால், பட்டுப் போல வெட்டி வைத்திருந்த புல்லின் நடுவில் நின்றது. இந்த அடியில் குழியில் போட்டால் ஜெயம். துரை பரவசத்தோடு உருட்டு மட்டையை எடுத்துக் கொடுத்தார். மெள்ளத் தள்ளினால் போதும், குழந்தைகூடச் செய்யும் என்றார்.

மாமா மட்டையைப் பார்த்தார். அதில் முருங்கைப் பிசின் ஒட்டியிருந்தது. என்னிடம் திருப்பிக் கொடுத்தார்.

"வெட்டு இரும்பைக் கொடும்."

"சார், இங்கே வெட்டினா அப்புறம் நம்மளை உள்ளேயே விட மாட்டாங்க, சார்!"

"தெரியும். எனக்கு உருட்டத் தெரியாது ஓய். தெரியாததைப் பண்ணிக் கட்சியைத் தோக்கடிக்கப்படாது. துரை நம்மை நம்பிக் கூட்டிண்டு வந்திருக்கார்."

குனிந்து, அந்தப் புல்லை உள்ளங்கையால் ஒரு தரம் தடவினார். "க்ஷமிக்கணும்" என்று அதனிடம் சொன்னார். பிறகு வெட்டினார். தோசை அளவுக்குப் புல் பெயர்ந்து வராந்தாவில் போய் ஒரு துரைசானியின் டீக் கோப்பையில் இறங்கியது. பந்து உயர எழும்பி, அவசரமில்லாமல் வந்து குழியில் விழுந்தது. டொக்.

செக்ரெடரி ஓடி வந்த வேகத்தில் அவர் தொப்பி பின்தங்கிவிட்டது. புல்தரையில் இரும்பால் வெட்டக் கூடாது என்று சட்டம் இல்லை என்பதை மாமா பணிவோடு எடுத்துச் சொன்னார். புத்தகத்தைப் புரட்டிப் பார்த்தார்கள். இல்லை. கட்சி ஜெயித்தது என்று ஒப்புக்கொண்டார்கள். இந்த ஆசாமி இனிமேல் வேலிக்கு இந்தப் பக்கம் காலெடுத்து வைக்கக் கூடாது என்றும் அதே மூச்சில் சொன்னார்கள். எங்கள் துரை மாமாவின் கையைப் பிடித்துக் குலுக்கினார். அனுமதியைப் பற்றி வாயைத் திறக்கவில்லை.

மாமாவும் கேட்கவில்லை. வராந்தா வரை போய், அந்தப் புல்தகட்டை வாங்கி வந்து, பெயர்ந்த இடத்தில் வைத்து, இரண்டு கையாலும் அழுத்தினார். தோட்டக்காரனிடம், "நாலு நாள் தண்ணி விடப்பா, பிடிச்சுக்கும்" என்றார். வண்டியில் ஸ்ரீரங்கம் வரை நகக்கண்ணில் ஒட்டியிருந்த மண்ணையே பார்த்துக்கொண்டு வந்தார்.

மறுநாள் விடியற்காலை என் கதவைத் தட்டவில்லை. அதற்கு அடுத்த நாளும் இல்லை. மூன்று வருஷமாக எந்தத் தூக்கத்துக்கு ஏங்கினேனோ அது கிடைத்தது. ஆனால் படுத்தால் கண் மூடவில்லை. ஆபீசில் மாமா தலை நிமிராமல் பைல் பார்த்தார். சட்டம் எதையும் சொல்லவில்லை. யாரும் கேட்காமலே என் லீவு விண்ணப்பத்தில் கையெழுத்துப் போட்டார்.

நாலாவது நாள் விடியற்காலை நானே மாமியிடம் போய்ப் பையைக் கேட்டேன். "எடுத்துண்டு போ. மனுஷர் சாப்பிடவே இல்லை" என்று மாமியே பையை எடுத்துக் கொடுத்தாள், ஒன்பது புதுக் கொட்டாங்கச்சியும் கொடுத்தாள். கொள்ளிடத்துக்குப் போய்க் கையாலேயே மணலைத் தோண்டி ஒன்பதையும் புதைத்துவிட்டு உட்கார்ந்திருந்தேன். வெயில் ஏறும்போது மாமா குளிக்க வந்தார். என்னைப் பார்க்காதது போல் தண்ணீர் வரைக்கும் போனார். நின்றார். திரும்பி வந்து ஒவ்வொரு குழியாகப் பார்த்தார்.

"ஏன் ஓய், மூணு வருஷம் கூட வந்தும் உமக்கு ஒண்ணும் ஏறலையே! ஸ்ரீவைகுண்டத்தை இங்கேயா வைக்கிறது? அஞ்சு முழம் வடக்கே தள்ளும். அந்த இரும்பை எடும்."

வாழ்க்கையில் எத்தனையோ மேலதிகாரிகளிடம் திட்டு வாங்கியிருக்கிறேன். கண்ணில் நீர் வந்தது அந்த ஒரு தடவைதான். மணல் விழுந்துவிட்டது என்று மாமாவிடம் சொல்லிவிட்டு, ஸ்ரீவைகுண்டத்தை அஞ்சு முழம் வடக்கே தள்ளி வைத்தேன்.