தள்ளுபடி மாமா எங்கே குடியிருக்கிறார்?

யாருக்கு எந்த வரியில் என்ன கழிவு உண்டு என்று சித்திரகுப்தனுக்கே சந்தேகம் வந்தால், அவன் புனேயில் எங்கள் கோர்படிச் சந்துக்கு வந்து தள்ளுபடி மாமாவைத்தான் கேட்க வேண்டும். ரயில்வேயில் ஓய்வு பெற்றவர். அவருடைய சொந்தப் பெயர் இங்கே யாருக்கும் தெரியாது.

நான் வீடு வாங்கிப் பால் காய்ச்சிய அன்று வந்தவர்கள் எல்லோரும் பாயசத்தைத் தேடினார்கள். மாமா மட்டும் மொட்டை மாடியை அண்ணாந்து பார்த்தார்.

"சோலார் போடு தம்பி. கச்ராவ, அதான் குப்பைய, உரமாக்கு. வீட்டு வரியில கழிவு குடுக்குறான்!"

"மாமா, பாயசம் ஆறுது..."

"அது எங்க ஓடிப் போவுது?"

பட்டாளத்தில் கணவரைப் பறிகொடுத்த மேரி அக்கா, தனக்கு வரிவிலக்கு உண்டு என்று தெரிந்தும் வாங்க மறுத்தாள்.

"பிச்ச மாதிரி இருக்குண்ணே, வேணாம்."

"பிச்சையா? கார்ப்பரேஷன் உன் வூட்டுக்காரனுக்கு அடிக்கிற சல்யூட்டுமா இது!" என்று கையோடு ஆபீசுக்கு அழைத்துப் போனார். அக்கா திரும்பி வந்தபோது நிமிர்ந்து நடந்தாள்.

ஊருக்காக ஓடியவர் தலையில்தான் இடி விழுந்தது. சொந்த வீட்டில் தானே குடியிருப்பவருக்குப் பெரிய சலுகை ஒன்று உண்டு. அதைச் சரிபார்க்க அதிகாரி வந்தபோதெல்லாம் மாமா வீட்டில் பூட்டு தொங்கியது. மாமா யார் வீட்டுக் கொல்லையிலோ உரம் கிளறிக்கொண்டிருந்தார். 'இங்கே யாரும் வசிக்கவில்லை' என்று சலுகையை வெட்டிவிட்டார்கள்.

மாமா சோறு தண்ணி இல்லாமல் உட்கார்ந்துவிட்டார்.

"வரி கெடக்குது தம்பி. நான் இங்க இல்லன்னு எழுதிட்டான் பாரு. உங்க அத்த செத்ததுலேர்ந்து எனக்கே அப்படித்தான் தோணுது."

அன்றைக்கே நான் மறு ஆய்வு கேட்டு மனு எழுதிப் போட்டேன்.

மறுபடி பார்க்க அதிகாரி வந்த அன்று, சந்தே அந்த வீட்டுக்குள் புகுந்தது. மேரி அக்கா அடுப்பில் மீன் குழம்பைக் கொதிக்கவிட்டாள். என் மனைவி கொடியில் துணி உலர்த்தினாள்; அத்தனையும் எங்கள் வீட்டுத் துணி. அதிகாரி மிரண்டுபோய், இங்கே எத்தனை பேர் குடியிருக்கிறீர்கள் என்று இந்தியில் கேட்டார்.

விதியில் ஒரு புள்ளி பிசகாத மாமா, ஒருவர் என்றுதான் சொல்லியிருக்க வேண்டும். எங்களை ஒரு சுற்றுப் பார்த்தார்.

"சப் லோக், சாப். எல்லாரும்."

அதிகாரி சிரித்துவிட்டார். சலுகை திரும்பி வந்தது. இப்போதெல்லாம் மாமா வெளியே கிளம்பினால், எங்களில் யாராவது அவர் வீட்டில் போய் உட்கார்ந்துகொள்கிறோம். அதிகாரிக்காக அல்ல. அவர் திரும்பி வரும்போது கதவைத் திறக்க ஆள் வேண்டுமே.