ஐந்தடிச் சகிப்பு

பிழை என்பதையே பூண்டோடு ஒழித்த முதல் அலுவலகம் என்ற பெருமை அந்த வெள்ளக் கணிப்பு மையத்துக்கே உரியது. பிழைகளைத் திருத்தி அல்ல, பெருந்தன்மையோடு சகித்து.

ஆற்றில் தண்ணீர் எவ்வளவு ஏறும் என்று கணக்குப் போடும் புரோகிராமைச் சோதிப்பது ஒரு பெண்ணின் வேலை. அவள் வீட்டில் காலேஜ் வாசலை மிதித்த முதல் ஆள் அவள்தான். முன்பு வந்த வெள்ளங்களின் அளவோடு புரோகிராமின் விடையை ஒப்பிடுவாள். வித்தியாசம் இரண்டு அங்குலத்துக்குள் இருந்தால் திரையில் பச்சை, தாண்டினால் சிவப்பு. அந்த இரண்டு அங்குலத்துக்கு அலுவலகப் பெயர் 'சகிப்பு'.

புது அதிவேகக் கம்ப்யூட்டர் வந்தது. விடை பத்து மடங்கு வேகமாக வந்தது. நான்கடி குறைவாகவும் வந்தது.

மறுநாள் தொடக்க விழா. மேலாளர் 'தர உயர்வுக் கூட்டம்' கூட்டினார்.

"எல்லாம் சிவப்பா இருக்கேம்மா?"

"தப்பா இருக்கு சார். கணக்கு முடியறதுக்குள்ள பாதியிலயே நின்னுடுது. ஒரு வாரம் குடுங்க, சரி பண்ணிடலாம்."

"ஒரு வாரமா? ரெண்டு அங்குலம்னு வச்சிருக்கியே, மனசு ஏன் இவ்வளவு குறுகலா இருக்கு? அஞ்சடி ஆக்கு."

"எங்க வீடு ஆத்தோரம் சார். நாலடின்னா எங்கம்மாவுக்குக் கழுத்து வரைக்கும் தண்ணி."

மேலாளர் கலங்கிவிட்டார். "அம்மா என்ன உயரம்?"

"நாலே முக்கால்."

"அப்ப மூக்கு வெளியதானே இருக்கும்."

கூட்டமே நிம்மதியாக மூச்சு விட்டது. மூத்த பொறியாளர் ஓர் எண்ணை மாற்றினார். இருநூற்றுப் பன்னிரண்டு சோதனைகளும் ஒரே நொடியில் பச்சை. கைதட்டல் அடங்கியதும் 'நம்பகத்தன்மைச் சான்றிதழ்' அவள் முன்னால் வந்தது.

"படிச்ச பொண்ணுதானே. ஒரு கையெழுத்துப் போட என்ன?"

"எங்க வீட்டுல படிக்காதவங்ககூட, என்ன எழுதியிருக்குன்னு கேட்டுட்டுத்தான் சார் கைநாட்டு வைப்பாங்க."

"அப்ப நாளையிலேர்ந்து வர வேண்டாம்."

பேனாவை மூடி வைத்தாள். மேலாளரோடு சேர்த்துக் கூட்டத்தில் இருந்த மற்ற ஐந்து பேரும் கையெழுத்திட்டார்கள். படிவம் கேட்டபடி, பெயருக்குக் கீழே வீட்டு முகவரியும் எழுதினார்கள்.

அவள் அதை வாங்கி உரக்க வாசித்தாள். ஐந்தும் மேட்டுத் தெரு. மேலாளருடையது மட்டும் மேட்டுத் தெருவில் நான்காவது மாடி. ஐந்தடிச் சகிப்பு வருவதற்கு ஒரு மனிதர் எவ்வளவு உயரத்தில் குடியிருக்க வேண்டும் என்பதற்கு அதுவே அதிகாரபூர்வமான சான்றிதழ்.